மே முதலாம் திகதி பிறந்த பத்தொன்பது பேர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை உத்தியோகத்தர், ஐம்பது வயதை நெருங்கிய சிங்களப் பெண்மணி. இந்தப் பக்கம் கதிரையின் நுனியில் செபமாலை அக்கா. அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற அவருடைய இரண்டு மகள்மார், மூத்தவள் ரெஜினா, இளையவள் ஸ்டெல்லா. ஐந்தாவது ஆள் நான். மொழிபெயர்ப்பதற்காகப் போயிருந்தேன்.

வராதவர்கள் மூன்று பேர். பிள்ளைகளின் அப்பா கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. கடிதம் கொண்டு வருகிறேன் என்று சொன்ன தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு அன்று காலையில் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது ஆள் எங்கள் இணைப்பாளர். அவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில், ஆவணமற்றவர்களின் உரிமைகள் பற்றிய பட்டறையில் பேசிக்கொண்டிருந்தார். அதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் ஐந்து பேர் அடுத்த மாதம் இந்த வேலைக்கு வருகிறீர்கள். நான் ஒன்பது வருடம் பார்த்துவிட்டுப் போகிறேன். முப்பத்தொரு வயதில் ஓய்வா என்று நேற்று உங்களில் ஒருவர் சிரித்தார். இந்த வேலையில் ஒன்பது வருடம் போதும். கண்டி நகரத்தில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பழைய வான். தோட்டம் தோட்டமாகப் போய், பிறந்ததற்குச் சான்று இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது நம் வேலை. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல இருப்பது ஒரே ஒரு திகதியைப் பற்றி.

மே முதலாம் திகதி.

உங்களுக்கு அது மேதினம். ஊர்வலம், சிவப்புத் தொப்பி, லீவு நாள். கத்தோலிக்கருக்கு அன்றுதான் தொழிலாளரின் பாதுகாவலரான சூசையப்பர் திருநாள். பன்விலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இவை இரண்டோடு மூன்றாவது விசேஷமும் உண்டு. அந்தத் தோட்டத்தில் அன்று பத்தொன்பது பேருக்குப் பிறந்தநாள். பத்தொன்பது பேருக்கும் அந்தப் பிறந்தநாளைக் கொடுத்தவன் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். வயது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். என் அம்மாவின் அடையாள அட்டையில் ஜனவரி முதலாம் திகதி என்று இருக்கும். அப்பாவுக்கும் ஜனவரி முதலாம் திகதி. சின்ன வயதில், இருவரும் ஒரே நாளில் பிறந்ததால்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும்போதுதான், யாரோ ஒரு கிளாக்கர் கேட்கச் சோம்பல்பட்டு எழுதிய நாள் அது என்று விளங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. பெரியவனாகி அந்தக் கிளாக்கரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். தேடிப் போகத் தேவையிருக்கவில்லை. பேனையைக் கையில் எடுத்த மூன்றாம் மாதமே நானே அந்தக் கிளாக்கர் ஆகிவிட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் முகாம். வெளியே விடாத மழை. உள்ளே நாற்பத்தேழு பேர் வரிசையில் நின்றார்கள். கிளாக்கர் மறந்தது, வீட்டில் பிறந்தது, லயத்து வரிசை வீடுகளில் தீப்பிடித்தபோது எரிந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். பிறப்பைப் பதிந்திருக்கவில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அதற்குப் படிவத்தில் ஒரு திகதி வேண்டும்.

காலையில் நான் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முனியாண்டி என்று ஒரு பெரியவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், என் முன்னால் உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னார்.

"காமன் கூத்துல காமன் எரிஞ்ச மறுநாளு தம்பி. ரதி வேசம் கட்டுனவரு எங்க மாமா. வேசத்த கலைக்காமலே வந்து என்னய தூக்கிப் பாத்தாராம்."

"எந்த வருசங்க ஐயா?"

"அதத்தான் சொல்ல வாறேன். கங்காணி மாடு பள்ளத்துல விழுந்த வருசம்."

பின்னால் இருந்த ஒரு பெரியவர், "அந்த மாடு விழுந்தது அதுக்கு அடுத்த வருசம்லா" என்றார். உடனே வரிசையே மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நாலு பேர் கணக்குப் போட்டு, மாடு எந்த வருடம் விழுந்தது என்று கண்டுபிடித்தும் விட்டார்கள். நான் அதை எழுதினேன். அதற்கு இருபது நிமிடம் ஆனது.

மதியம் இரண்டு மணிக்கு இணைப்பாளர் என் மேசைக்கு வந்தார். பதினொரு படிவம் முடிந்திருந்தது. வான் சாரதிக்குக் கெலிஓயாவில் ஒரு கல்யாண வீட்டு ஹயர் ஓட்டம் இருந்தது. நாலு மணிக்கு இறங்கியாக வேண்டும்.

"என்ன தம்பி, இங்க கதாகாலட்சேபமா நடக்குது?"

"திகதி கேக்குறேன் சார்."

"திகதி தெரியாதவங்களுக்கெல்லாம் மே ஒண்ணு போடுங்க. வருசத்த மட்டும் கேளுங்க. தொழிலாளிக்கு மேதினம் பொருத்தமான நாள்தானே. இவங்க கோயில் திருநாளும் அன்னிக்குத்தான். மறக்கவும் மாட்டாங்க, லீவும் இருக்கு."

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த வானும் இல்லை, அந்த முகாமும் இல்லை. ஆனால் நாலு மணிக்கு இறங்க வேண்டும் என்பதற்கும் தொழிலாளியின் கௌரவத்துக்கும் ஒரு நொடியில் முடிச்சுப் போட்டாரே, அந்தச் சாமர்த்தியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைக் கேட்டு நான் தலையாட்டினேன். ஆட்டிய அந்தத் தலையை அதைவிட மன்னிக்க முடியவில்லை.

முனியாண்டி ஐயாவின் படிவத்திலும் காமன் எரிந்த குறிப்பை அடித்துவிட்டு மே ஒன்று போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப இனிமே எனக்குப் பொறந்தநாளுன்னா கவர்மெண்டே லீவு குடுக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பெயர் என்ன, வருடம் என்ன, மே ஒன்று, கையெழுத்து, அடுத்த ஆள்.

மூன்றரை மணிக்கு செபமாலை அக்கா வந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஸ்டெல்லா, பதினாலு வயது. மூத்தவள் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தார். இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு டிசம்பர் பதினொன்று. இளையவளுக்குத்தான் ஒன்றுமில்லை.

"இவ நவநாள் தொடங்குன அன்னிக்கு தம்பி. நத்தார் நவநாளு. அன்னிக்குன்னு பாத்து மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடிக்கிச்சு. சாமியாரும் வரல, லொறியும் வரல. கோயில்ல அவங்க மொத பாட்டு படிக்கிறாங்க, இங்க லயத்துல நான்..."

"அக்கா, வருசம் மட்டும் சொல்லுங்க."

அவர் நிறுத்திவிட்டார். வாயைத் திறந்தபடி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "மூத்தவளுக்கு ஒரு வருசம் எளையவ" என்றார்.

ஒன்றோடு ஒன்றைக் கூட்டினேன். இரண்டாயிரத்து இரண்டு. மே ஒன்று.

ஸ்டெல்லா படிவத்தைத் தலைகீழாக வாசித்துவிட்டாள். "அண்ணே, எனக்குப் பொறந்தநாளு மார்கழியில. அக்காவுக்கு முடிஞ்சு அஞ்சாவது நாள். ரெண்டு பேருக்கும் ஒரே கேக்குதான் வெட்டுவாங்க."

"பரவால்ல தங்கச்சி. இது பேப்பருக்கு மட்டுந்தான்."

இந்தச் சொல்லை நீங்கள் எங்கள் காரியாலயத்தில் நிறையக் கேட்பீர்கள். பேப்பருக்கு மட்டும். சொல்கிறவருக்கு அலுமாரி நிறையப் பேப்பர் இருக்கும். கேட்கிறவருக்கு அந்த ஒரு பேப்பரைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

நான் கத்தோலிக்கன். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் ஒன்பது மாலையும் நின்று பாடியவன். கிறிஸ்மஸுக்கு முந்திய ஒன்பது நாள் செபமான நத்தார் நவநாள் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் பதினாறாம் திகதி தொடங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செபமாலை அக்கா எனக்கு நாள், மாதம், மழை, பாட்டு எல்லாவற்றையும் சொன்னார். கட்டத்துக்குள் எழுதுகிற மாதிரி இலக்கத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று அந்த மண்டபத்தில் பிறந்தநாள் தெரியாதவர் என்று ஒருவர்கூட இருக்கவில்லை. கேட்கத் தெரியாதவர்கள்தான் இரண்டு பேர் இருந்தோம்.

நாலு மணிக்கு வான் இறங்கியது. ஒரே நாளில் நாற்பத்தேழு படிவம் என்று எங்களைப் பாராட்டினார்கள். பதாகைக்கு முன்னால் எல்லோரும் நிற்கிற படம் இன்னும் காரியாலயச் சுவரில் தொங்குகிறது. முதல் நாள் போகும்போது பாருங்கள். இடது ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான்.

ஆறு வருடம் எதுவும் நடக்கவில்லை. எங்கள் தவறுகள் அப்படித்தான், உடனே காட்டிக்கொடுக்காது. ஸ்டெல்லாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மேதின லீவு முடிந்த மறுநாள் வாழ்த்துச் சொன்னார்கள். முதல் இரண்டு வருடம் இல்லை என்று விளக்கம் சொன்னாளாம். பிறகு நன்றி சொல்லப் பழகிக்கொண்டாள். தோட்டத்தில் அந்தப் பத்தொன்பது பேரையும் மேதினக் கூட்டாளிகள் என்று கேலி செய்தார்கள். திருநாள் பூசைக்கு ஒரு வருடம் அவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து வாழ்த்துப் பாடினார்களாம்.

ஸ்டெல்லா விஞ்ஞானப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதினாள். அந்த லயத்தில் யாரும் போகாத தூரம் அது. தாதியர் பயிற்சிக்கு அழைப்புக் கடிதம் வந்தது. ஆவணங்களை உறுதிப்படுத்திக்கொண்டு மூன்று கிழமைக்குள் வரச் சொல்லியிருந்தது. தவறினால் இடம் அடுத்தவருக்கு. உறுதிப்படுத்துகிற இடத்தில் குடும்பத்தாரின் பெயர், பிறந்த திகதி எல்லாம் எழுதிய தாளையும் கேட்டார்கள். அதில் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வரியில் இருந்தார்கள்.

டிசம்பர் பதினொன்று. அடுத்த வருடம் மே ஒன்று.

நாலு மாதமும் இருபது நாளும்.

விசாரணைக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். செபமாலை அக்கா என்னைத்தான் தேடி வந்தார், சிங்களத்தில் பேச ஆள் வேண்டும் என்று. படிவம் எழுதியவன் நான் என்பதை அவர் குறையாகச் சொல்லவே இல்லை. "நீங்கதான தம்பி எழுதுனீங்க, உங்களுக்குத்தான வெளங்கும்" என்றார். அதுதான் எனக்குச் சுட்டது.

விசாரணை நாள் காலை கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது இணைப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, மொழிபெயர்ப்புக்கு மட்டும் போங்க. எங்க பேர உள்ள இழுக்காதீங்க. பின்னால பதினெட்டுப் பேர் இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"அப்ப திகதிய யார் போட்டதுன்னு கேட்டா சார்?"

"ஆள் சொன்னத எழுதினோம். அவ்வளவுதான்."

இப்போது அந்த அறைக்கு வருகிறேன்.

உத்தியோகத்தர் தாளைப் பார்த்துவிட்டு விரலை மடக்கி எண்ணினார். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி. ஏப்ரலில் நிறுத்தினார். பிறகு வேறொரு கோப்பைத் திறந்தார். அந்தத் தோட்டத்தில் இருந்து வந்த பழைய படிவங்கள்.

"இந்தத் தோட்டத்தில் மே முதலாம் திகதி என்ன விசேஷம் என்று கேளுங்கள்" என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

நான் யாரிடமும் கேட்காமல், "மேதினம், மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார். "இந்த இரண்டு பிள்ளைகளில் எது இவருடையது, எது வேறு யாருடையது என்று கேளுங்கள்."

மொழிபெயர்ப்பவன் குழாய் மாதிரி, இந்தப் பக்கம் வருவது அந்தப் பக்கம் போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் செபமாலை அக்காவின் பக்கம் திரும்பினேன். "அக்கா, மேடம் கேக்குறாங்க..." என்று தொடங்கினேன். ரெஜினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சிங்களம் வெளங்கும் தம்பி" என்றார் செபமாலை அக்கா. "நீங்க கஷ்டப்படாதீங்க."

கதிரையின் நுனியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க மேடத்துகிட்ட. ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான். நாலு மாசத்துக்கு ஒரு புள்ள பெத்துக்கிட்டு மறுநாளே மலைக்குப் போயி கொழுந்தும் எடுத்தவன்னு எழுதிக்கச் சொல்லுங்க. அப்படி ஒருத்தி இருந்தா தோட்டத்துக்கு லாபந்தான்."

நான் முதல் வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"அப்படியானால் திகதியை யார் சொன்னது?" உத்தியோகத்தரின் பேனை தாளில் தயாராக இருந்தது. "தாய் சொன்னாரா, அல்லது படிவம் நிரப்பியவர் தானாகப் போட்டாரா? இது முக்கியம்."

பாருங்கள், அவர் வழியையே திறந்து கொடுத்தார். நான் வெறுக்கிற அந்தப் பெண்மணி, அப்படியொரு அசிங்கமான கேள்வியைக் கேட்ட அதே வாயால், நான் தப்பிக்க அல்ல, அவர்கள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூன்று சொல் போதும். நான்தான் மேடம் போட்டேன்.

நான் சொல்லவில்லை.

காலையில் வந்த தொலைபேசி, பதினெட்டுப் பேர், வேலை, வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருந்த நாலு பேர் என்று எதையெதையோ பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. பயம். தோட்டத்தில் இருந்து படித்து மேலே வந்தவன், கண்டியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மாதிரியே மடித்த கைச் சட்டை போட்டவன், மேசைக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுவேனோ என்ற பயம்.

அரை நிமிடம் இருக்கும். அவர் காத்திருந்துவிட்டு எழுதினார். 'தாய் முரண்பட்ட தகவல் வழங்கினார்.' சிங்களத்தில் ஒரு வரி. பக்கத்துக்கு இலக்கம் போட்டு, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார்.

வெளியே வந்து பன்வில பஸ்ஸுக்கு நடந்தோம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் செபமாலை அக்கா பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கினார். என் பக்கம் திரும்பினார்.

"காலையில சாப்டீங்களா தம்பி?"

"சாப்பிட்டேன் அக்கா."

"அப்ப சரி. உள்ளார வாயே தெறக்கல, பசியோன்னு நெனச்சேன்."

பஸ் ஏறுமுன் ஸ்டெல்லா மட்டும் நின்றாள். "அண்ணே, அது பேப்பருக்கு மட்டும்னு சொன்னீங்க. இப்ப அந்த பேப்பர்ல எங்கம்மாவ பொய்க்காரின்னு எழுதியிருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் நான் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் அந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பான பங்குக் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் அலுமாரியைத் திறந்து ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஸ்டெல்லா மேரி. பிறந்தது டிசம்பர் பதினாறு. பழைய சாமியாரின் சரிந்த கையெழுத்து. உபதேசியார் தந்த பிளேன்டீயையும் குடித்து முடிக்க மொத்தம் இருபது நிமிடம். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இருபது நிமிடத்தைத்தான் நாங்கள் மிச்சம் பிடித்திருந்தோம்.

பிரதியை எடுத்துக்கொண்டு இணைப்பாளரிடம் போனேன். தவறு எங்களுடையது என்று காரியாலயக் கடிதத் தலைப்பில் எழுதித் தரும்படி கேட்டேன்.

"எழுதித் தந்தா நாளைக்கு மத்த பதினெட்டுப் பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

"வரட்டும் சார். அவங்க திகதிய எல்லாம் பிழையா போட்டது நாங்கதான."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. உதவி செய்யப் போன இடத்துல நடந்த சின்ன விசயம்."

"ரெண்டு புள்ளையில எது உன்னுது, எது வேற யாருதுன்னு அந்த அக்காவ கேட்டாங்க சார். உங்க அம்மாவ கேட்டா சின்ன விசயமா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னேன். அவர் வெளியே போகச் சொன்னார். கடிதம் தரவில்லை. நான் தனியாக ஒரு சமாதான நீதவானிடம் போய், திகதியைத் தாய் சொல்லவில்லை, நானே போட்டேன் என்று என் பெயரில் சத்தியக்கடதாசி முடித்தேன். அதை எடுத்துக்கொண்டு நாலாம் நாள் அதே உத்தியோகத்தரின் முன்னால் நின்றேன்.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நான் அன்றைக்குக் கேட்டேனே. ஏன் சொல்லவில்லை?"

"பயமாக இருந்தது, மேடம்."

"சொல்லியிருந்தால், படிவம் நிரப்பியவரின் தவறு என்று எழுதியிருப்பேன். இரண்டு கிழமையில் திருத்தம் வந்திருக்கும். இப்போது கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது. தாய் பொய் சொன்னார் என்று போய்விட்டது. அதைத் திருப்ப என்னால் முடியாது."

அவரிடம் கோபப்படவும் எனக்கு இடம் இருக்கவில்லை. இருந்தாலும் கோபப்பட்டேன். தாயிடம் அப்படியொரு கேள்வி கேட்பதற்கு முன்னால் மற்றப் பதினெட்டுப் படிவத்திலும் கையெழுத்து ஒரே ஆளுடையது என்று பார்த்திருக்கலாமே என்றேன். "பார்த்தேன்" என்றார். "அதனால்தான் உங்களைக் கேட்டேன்."

கோப்பு கொழும்பில் பதினொரு மாதம் கிடந்தது. மூன்று கிழமை எப்போதோ முடிந்துவிட்டது. ஸ்டெல்லாவின் இடம் அடுத்தவருக்குப் போனது. அவள் அக்குறணையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்குக் கூப்பிட்ட போதெல்லாம் நானும் செபமாலை அக்காவோடு போனேன். ஒவ்வொரு மேசையிலும் முதல் வசனத்தை நான் சொன்னேன். நான்தான் போட்டேன். முதல் மேசையில் சொல்லாததைப் பதின்மூன்று மேசையில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மேசையில் இருந்தவர், "அதற்கு நீ ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறாய்?" என்று கேட்டார். அப்போதுதான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மற்றப் பதினெட்டுப் பேரின் வீடுகளுக்கும் போனேன், ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தமாக. இந்தமுறை உட்கார்ந்து கேட்டேன். தேர் இழுத்த நாள், கிணறு வெட்டி முடித்த நாள், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போட்டு ஆட்கள் சண்டைக்குப் போன நாள். தேர் கோயில் கணக்கில் இருந்தது. சண்டை பொலிஸ் புத்தகத்தில் இருந்தது. பதினாலு பேருக்குத் திருத்தம் கிடைத்துவிட்டது. மூன்று பேர், இனி எங்களை அலைய வைக்காதே தம்பி, இது போதும் என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் உரிமை.

மீதி ஒருவர் முனியாண்டி ஐயா. நான் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய கிழமை அவர் இறந்துவிட்டார். லயத்து முனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். மகன் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறான். மலர்வு, மே 1. காமன் எரிந்த மறுநாள் வேசம் கலைக்காத ஒரு மாமன் தூக்கிப் பார்த்த பிள்ளை, நான் சோம்பல்பட்ட நாளில் பிறந்தவராக மண்ணுக்குப் போனார். நான் மழையில் நின்று அந்தப் பதாகையை வாசித்தேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க வேண்டிய ஆள் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒருவன்தான் இருந்தான்.

ஆகவே, நாளை உங்களுக்கு முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்து, மாடு விழுந்த கதையைத் தொடங்குவார். வெளியே வான் ஹோர்ன் அடிக்கும். உங்களை ஒருவர் அவசரப்படுத்துவார், அவர் நல்லவராகவும் இருப்பார். அப்போது பேனையை மூடிவிட்டு, மாடு என்ன நிறம் என்று கேளுங்கள். நாலு மணிக்கு வான் போகட்டும். பஸ் இருக்கிறது. அதையும் மீறித் தவறு நடக்கும். நடந்தால், யார் செய்தது என்று முதல் மேசையில் கேட்கும்போதே சொல்லுங்கள். அந்த அரை நிமிடத்துக்குள் சொன்னால் அது உங்கள் தவறு. விட்டால் அது அவர்களுடைய பொய்யாகிவிடும்.

போன மாதம் செபமாலை அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லாவுக்கு இப்போது சான்றிதழில் டிசம்பர் பதினாறு. இரண்டாவது முறை பெயர் வந்து தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். தன்னைவிட இளையவர்களோடு முதலாம் வருடம். சுவரில் இரண்டு பழைய கலண்டர்கள் கழற்றாமல் தொங்கின. அக்கா அலைந்த நாட்களில் எல்லாம் வட்டம் போட்டிருந்தார். கொழுந்து மலையில் ஒரு நாள் வேலைக்குப் போனால் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பேர் விழும், ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். போகாவிட்டால் விழாது. அவர் தேநீர் ஊற்றும்போது நான் வட்டங்களை எண்ணினேன்.

"எத்தன தம்பி?" என்று திரும்பாமலே கேட்டார்.

சொன்னேன். செபமாலை அக்காவுக்கு முப்பத்தேழு பேர். ஸ்டெல்லாவுக்கு இரண்டு வருடம்.